மைத்துனன் குரல் இல்லாத பாட்டு

என் மனைவியின் தம்பி பாடிய பாட்டிலிருந்து அவனுடைய குரலை நான் அழித்தேன். அழித்துவிட்டு, கணினி கெட்டுப்போனதால் அது தானாக அழிந்துவிட்டது என்று அவனிடமே சொன்னேன். அவன் நம்பினான். பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே ஓய்வூதியம் வரை வந்த ஓர் ஆசிரியன், எழுபது வயதைத் தாண்டிய பிறகு செய்த காரியம் இது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இந்தப் பாட்டைப் பற்றிய மற்ற நினைவுகளெல்லாம் சந்தோஷமானவை. சந்தோஷத்தைச் சொல்லிக்கொண்டே போனால் இந்த இடத்தை மெதுவாகத் தாண்டிவிடுவேனோ என்று எனக்கே என்மேல் சந்தேகம்.

பதுளையில் எங்கள் தேவாலயத்துப் பாடகர் குழு ஒவ்வொரு டிசம்பரிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்குக் கரோல் பாடப் போகும். லொறியில் ஏறிப் போவோம். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு வாசலையும் விடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். இந்து வீடா கிறிஸ்தவ வீடா என்று பார்ப்பதில்லை. வாசலில் நின்று குறைந்தது ஒரு சரணமாவது பாட வேண்டும். ஒரு வாசலைத் தவறவிட்டால் அடுத்த டிசம்பர் வரை அந்த வீட்டுக்காரர்கள் குழுவில் உள்ள எவரைக் கண்டாலும் கேட்பார்கள்: “எங்க வாசல் மட்டும் ஒங்க கண்ணுக்குத் தெரியலியாக்கும்?”

இப்போது பல வீடுகளில் பிள்ளைகள் இல்லை. கொழும்பு, கட்டார், குவைத் என்று போய்விட்டார்கள். அந்த வாசல்களுக்கு லொறி போகாது. அதனால் போன வருடம் ஒரு புதுப் பாட்டைப் பதிவு செய்து போன் வழியாக எல்லாருக்கும் அனுப்பலாம் என்று குழுவில் பேச்சு வந்தது. “நான் செய்கிறேன்” என்று கையை உயர்த்தியவன் நான்தான். மகன் கொழும்புக்குப் போகும்போது விட்டுப்போன பழைய கணினி என்னிடம் இருந்தது. ஒரு மைக்கும் ஹெட்போனும் வாங்கியிருந்தேன். ஒலிப்பதிவு செய்யும் முறையைக் கொஞ்சம் கொஞ்சமாக நானே கற்றுக்கொண்டிருந்தேன். கணித ஆசிரியனுக்கு அது பிடித்துப்போகும் வேலை. எல்லாம் அளவுகள், எல்லாம் கோடுகள்.

பாட்டையும் நானே எழுதினேன். “பனி மூடிய மலைமேலே ஒரு வெள்ளி பூத்தது, கடைசி லயத்தின் வாசலிலே வந்து நின்றது” என்று தொடங்கும். பல்லவியில் “சின்னஞ்சிறு சிசுவே” என்று வரும். அந்தச் ‘சி’க்களால் பின்னால் எனக்கு என்ன கஷ்டம் வரப்போகிறது என்று எழுதும்போது தெரியாது.

எங்கள் சேமிப்பறையின் சுவர்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டு அதை ஒலிப்பதிவு அறையாக மாற்றினேன். இடம் சின்னது என்பதால் ஒவ்வொருவராகத்தான் வந்து பாடவோ வாசிக்கவோ முடிந்தது. முதலில் வந்தவர் அப்புத்தளை வயலின்காரர். ரயில்வேயில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். பஸ்ஸில் ஏறுவதைப் பாவம் என்று நினைப்பவர். வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினார். கம்பளிகளைப் பார்த்ததும், “மாஸ்டர், வாசிக்கிறதுக்குக் கூப்பிட்டீங்களா, இல்ல காய்ச்சல்காரனைப் போத்தி வைக்கிற மாதிரி என்னையும் போத்தி வைக்கப் போறீங்களா?” என்றார்.

அடுத்து பசறையிலிருந்து டோலக்காரர். அங்கே தையல் கடை வைத்திருக்கிறார். தோட்டத்து அம்மன் கோயிலில் மார்கழி பஜனைக்கு டோலக் வாசிப்பவர், எங்கள் கரோலுக்கும் அவர்தான். “காலையில மாரியம்மனுக்கு, ராத்திரிக்கு யேசு சாமிக்கு. ரெண்டு பேரும் ஒரே குளிர்லதான், சேர், என்னை நிக்க வைக்கிறாங்க” என்பார்.

கடைசியாக என் மைத்துனன். பசறைப் பாதையில் உள்ள ஒரு தோட்டத்தில் அவன் வீடு. தேயிலைத் தொழிற்சாலையில், நாங்கள் ஸ்டோர் என்று சொல்லும் இடத்தில், கொழுந்து அரைக்கும் ரோலர் இயந்திரங்களின் பக்கத்தில் வாழ்நாளைக் கழித்தவன். அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, அவனுக்குச் சாதாரணப் பேச்சே கூப்பாடுதான். ரகசியம் சொன்னால் அடுத்த லயத்தில் கேட்கும். அடக்கம் என்பதும் அவனுக்குத் தெரியாது.

“மச்சான், என் குரலுக்கு மைக்கு தேவையில்ல. மைக்குக்குத்தான் என் குரலு தேவை” என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் நுழைந்தான்.

“கத்தாத மாப்புள, மெதுவாப் பாடு. மைக் அடிவாங்கும்” என்றேன்.

“அடிவாங்கட்டும். வாங்கினாத்தான் பயம் இருக்கும்.”

அவன் மனைவி இறந்து சில வருடங்களாகின்றன. ஒரே மகள் கட்டாரில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள். அந்த டிசம்பரில் அவளுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. இரண்டாம் சரணத்தை அவன் தனியாகப் பாடுவது, மற்றதை நான் பாடுவது என்று முடிவானதும், அவன் முதலில் செய்த வேலை மகளுக்குப் போன் எடுத்ததுதான். “அம்மாடி, ரெண்டாஞ் சரணம் முழுக்க அப்பாதான். மாமா வேற யாரையும் விட மாட்டேன்னுட்டாரு” என்று என் வீட்டு வாசலில் நின்று கத்தினான். நான் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அவள் அந்தச் சரணத்துக்காகக் காத்திருக்கிறாள் என்பது அன்றே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பின்னால் அதைச் செய்தேன்.

ஒவ்வொருவரும் பாடியதும் வாசித்ததும் கணினித் திரையில் தனித்தனிக் கோடாகக் கிடந்தன. எது எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும், எது முன்னால் வரவேண்டும், எது பின்னால் நிற்க வேண்டும் என்று கூட்டிக் குறைத்துச் சேர்ப்பதைத்தான் மிக்ஸ் என்கிறார்கள். நான் அதைச் செய்து, போனில் எங்கள் நால்வருக்குமாக வைத்திருந்த குழுவில் அனுப்புவேன். மற்ற மூவரும் கேட்டுவிட்டுக் குரல்பதிவில் அபிப்பிராயம் சொல்வார்கள். அந்த நாட்களின் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? விடிந்ததும் போனைத்தான் தேடுவேன். பரீட்சை எழுதிய பையனைப் போல.

முதல் மிக்ஸுக்கு டோலக்காரரின் பதில் இது: “சேர், பாட்டு நல்லாயிருக்கு. ஆனா பாட்டுக்குள்ள ஒரு பாம்பு இருக்கு. நீங்க ‘சிசு’ன்னு சொல்றப்பெல்லாம் படம் எடுக்குது.”

வயலின்காரர்: “பாம்பா? எனக்கு எண்ணெய்ச் சட்டியில கடுகு போட்ட மாதிரி இருக்கு மாஸ்டர். காதுல தெறிக்குது.”

எனக்கு எதுவும் தெறிக்கவில்லை. அவர்களுடைய போன் மலிவானது என்று நினைத்துக்கொண்டேன். மனைவியின் காதில் ஹெட்போனை மாட்டினேன். அவள் முகத்தைச் சுளித்துக் கழற்றிவிட்டாள்.

“ஏங்க, இது ஒங்களுக்குக் கேக்கவே இல்லியா?”

“எது?”

“அதுதானே! கொசு பாடுறதே ஒங்களுக்குக் கேக்குறதில்ல. விடிய விடிய நான் அடிச்சிக்கிட்டுக் கெடக்கேன், நீங்க ராசா மாதிரி தூங்குறீங்க.”

மருத்துவமனையில் காது பார்க்கும் டொக்டரும் பிறகு அதையே வேறு சொற்களில் சொன்னார். வயதானால் மிக மெல்லிய, உயர்ந்த ஒலிகள் முதலில் போய்விடுமாம். எனக்கு அவை கேட்காததால், பாட்டு மங்கலாக இருப்பதாக நினைத்து அவற்றைக் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறேன். எனக்குத் தேனாக இருந்தது ஊருக்குக் கடுகாக இருந்திருக்கிறது.

இரண்டாம் தடவை அவற்றையெல்லாம் குறைத்தேன். கொஞ்சம் எக்கோவும் சேர்த்தேன்.

“பாம்பு செத்துருச்சு சேர்” என்றார் டோலக்காரர். “ஆனா நீங்களும் கெணத்துக்குள்ள விழுந்துட்டீங்க.”

“கெணறு இல்ல, அது ராவணன் குகை” என்றார் வயலின்காரர். “அந்த எக்கோவைக் கொறைங்க மாஸ்டர். நீங்க ஒரு தடவ பாடினாப் போதும், நாலு தடவ எதுக்கு?”

மூன்றாம் மிக்ஸை டோலக்காரர் தன் தம்பியின் ஓட்டோவில் போட்டுக்கொண்டு பசறை டவுனைச் சுற்றிவந்தார். நான் வாசித்த ஆர்மோனியம் வரும் இடத்தில் ஓட்டோக் கண்ணாடி ஆடுகிறது என்று, அந்தக் கண்ணாடி ஆடுவதை வீடியோவாகவே எடுத்து அனுப்பினார். நாங்கள் நால்வரும் அதற்கு இரண்டு நாள் சிரித்தோம். நான் ஆர்மோனியத்தின் அடி ஒலியைக் குறைத்தேன். கண்ணாடி நின்றது. இப்படி ஒவ்வொரு தடவையும் பாட்டு உண்மையாகவே நன்றாக வந்துகொண்டிருந்தது. தனியாக இருந்திருந்தால் அந்த முதல் பாம்பையே பெருமையாக ஊருக்கு அனுப்பியிருப்பேன்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் எல்லாக் குறைகளுக்கும் முடிவில் ஒரு சொல் மட்டும் மாறாமல் வந்தது. என் மைத்துனனின் குரலைக் கூட்டுங்கள் என்பது.

“ரெண்டாஞ் சரணத்துல அவர் எடுக்கிறப்ப எனக்கு ஒடம்பு சிலிர்க்குது மாஸ்டர். நீங்க ஏன் அவரைக் கதவுக்குப் பின்னால நிப்பாட்டி வச்சிருக்கீங்க?” என்றார் வயலின்காரர்.

டோலக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். “சேர், கோவிக்காதீங்க. முழுப் பாட்டையும் அவரே பாடட்டுமே. நீங்க பல்லவியில மட்டும் சேந்துக்கிட்டாப் போதும்.”

மைத்துனனும் அந்தக் குழுவில் இருந்தான். சும்மா இருப்பானா? “கேட்டீங்களா மச்சான்! படிச்சவங்க நாலு பேரு சொல்றதக் கேளுங்க!” என்று ஒரு குரல்பதிவு. பிறகு சிரிப்பு. பிறகு அந்தச் சரணத்தையே இன்னொரு தடவை, இலவசமாக.

அவன் கேலியில் விஷம் இல்லை. எனக்குத்தான் உள்ளே ஏதோ புளித்தது. எழுதியவன் நான், மெட்டுப் போட்டவன் நான், கம்பளி கட்டியவன் நான். ஊரெல்லாம் அவனைத்தான் கேட்கப்போகிறது. அந்த வயதில் பொறாமை வராது என்று நினைத்திருந்தேன். முடி நரைத்ததைத் தவிர மற்றதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

ஒரு பிற்பகல் மனைவி கடைவீதிக்குப் போயிருந்தாள். நான் கணினியைத் திறந்து, அவன் கோட்டின் சத்தத்தை முழுவதும் குறைத்து, இரண்டாம் சரணத்தை நானே பாடிப் பதிந்து கேட்டேன். என் காதுக்கு அது அருமையாக இருந்தது. அந்தக் காது எவ்வளவு கேட்கும் என்று முன்பே எழுதிவிட்டேன். அவன் பதிவு அழிந்துவிட்டது என்று குழுவுக்கு எழுதத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தினேன். அது அழியவில்லையே, சொல்வது பொய்யாகிவிடுமே என்று மனம் உறுத்தியது. அந்த உறுத்தலுக்கு நான் கண்ட பரிகாரத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது: அந்தப் பதிவை உண்மையாகவே அழித்தேன். குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தேன். பிறகு வாக்கியத்தை எழுதி முடித்தேன்.

வயலின்காரர் மட்டும் கேட்டார்: “ஒரு கோடு மட்டும் எப்படி மாஸ்டர் தனியா அழியும்?” நான் கணினிச் சொற்கள் நாலைந்தைப் போட்டு ஒரு விளக்கம் கொடுத்தேன். படித்தவன் பொய் சொன்னால் அதற்குக் கலைச்சொற்களும் துணைக்கு வந்துவிடுகின்றன. அவர் மேலே கேட்கவில்லை.

மைத்துனன் போன் எடுத்தான். திட்டுவான் என்று நினைத்தேன். அவன் எனக்கு ஆறுதல் சொன்னான்.

“விடுங்க மச்சான். மெஷினுன்னா அப்பிடித்தான். ரோலரு எத்தனை தடவ என் சட்டையப் புடுங்கியிருக்கு, நான் என்ன கோவிச்சுக்கிட்டேனா? நாளைக்கே வந்து திரும்பப் பாடிட்டுப் போறேன்.”

“நேரம் இல்ல மாப்புள. பாடகர் குழுவுக்கு இன்னைக்கே குடுக்கணும்” என்றேன். அதுவும் பொய்.

“நான் பாடுறேன்னு புள்ளைகிட்டச் சொல்லிட்டேன்” என்றான். பிறகு, “சரி, பரவால்ல. நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க” என்றான்.

கிறிஸ்மஸுக்குப் பாட்டு போனது. பாராட்டுகள் வந்தன. ஆலயத்தில் கை கொடுத்தார்கள். நான் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். அன்று மாலை கட்டாரிலிருந்து மைத்துனனின் மகள் எனக்குக் குரல்பதிவு அனுப்பினாள். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம்.

“மாமா, கிறிஸ்மஸ் வாழ்த்துக்கள். பாட்டு கேட்டேன். அத்தைக்கும் சொல்லுங்க. மாமா, அப்பா எந்த எடத்துல பாடுறாங்க? ஹெட்போன் போட்டு நாலஞ்சு தடவ கேட்டேன், எனக்குக் கண்டுபிடிக்க ஏலல்ல. ரெண்டாஞ் சரணத்துல பின்னால லேசா ஒரு குரல் வருதே, அதுவா?”

அதுவும் நான்தான். என் எக்கோ.

அவன் மகளிடம் பதிவு அழிந்ததைச் சொல்லவே இல்லை. அவள் என்மேல் வருத்தப்படக்கூடாது என்றா, அவளுடைய ஏமாற்றத்தைத் தள்ளிப்போடலாம் என்றா, தெரியவில்லை. நான் அவளுக்கும் அதே கணினிக் கதையை அனுப்பினேன். “ஓ” என்று மட்டும் பதில் வந்தது. அந்த “ஓ”வை நான் புத்தாண்டு வரை தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

பொங்கல் முடிந்த வாரம் மனைவியிடம் சொன்னேன். அவள் முறம் நிறைய அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நான் என்ன, பாவ மன்னிப்புக் குடுக்கிற சாமியாரா? பஸ்ஸு ஓடுதுல்ல? போய் அவன்கிட்டச் சொல்லுங்க.” பிறகு, நான் எழுந்த பிறகு, “சாப்பிட்டுப் போங்க” என்றாள்.

பசறை பஸ்ஸில் போய் இறங்கி, தேயிலைக்கு நடுவே படியேறிப் போனேன். மைத்துனன் வாசலில் கோழிக்கூட்டுக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தான்.

“வாங்க மச்சான்! என்ன தனியா? அக்கா தொரத்திட்டாளா?”

“ஆமா” என்றேன். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். கணினி கெடவில்லை, நான்தான் அழித்தேன், பொறாமையில் அழித்தேன், ஹெட்போன் போட்டு உன் குரலைத் தேடிய உன் மகளுக்கும் பொய் சொன்னேன் என்று.

அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். கத்துவான் என்று காத்திருந்தேன். அவன் மெதுவாகப் பேசினான். அவன் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“மெஷினு மேல பழியப் போட்டீங்களே மச்சான். அது என்ன பாவம் பண்ணிச்சு?”

கீழே கிடந்த ஆணி ஒன்றை எடுத்துப் பெட்டியில் போட்டான்.

“என்னை நீங்க பாட வேணாம்னு சொல்லியிருந்தா நான் ஒங்களோட சண்டை போட்டுட்டு, அடுத்த வாரம் வந்திருப்பேன். எம்புள்ளை தேடியிருக்கா. ஹெட்போனப் போட்டுக்கிட்டுத் தேடியிருக்கா.” போனை எடுத்து என்னிடம் நீட்டினான். “அவகிட்ட நீங்களே சொல்லுங்க. இப்பவே. எனக்கு முன்னால.”

நான் குரல்பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “அன்பு மருமகளே, வாழ்வில் சில தவறுகள்...” என்று தொடங்கினேன். அவன் கையால் வெட்டினான்.

“மேடைப்பேச்சு வேணாம். பேசுற மாதிரி சொல்லுங்க.”

பேசுகிற மாதிரி சொன்னேன். அது கஷ்டமாக இருந்தது. திரும்பவும் வந்து பாடுவாயா என்று அவனைக் கேட்டேன். கிறிஸ்மஸ் முடிஞ்சு போச்சு, இனி எதுக்கு என்று சொல்லிவிட்டுத் தகரத்தைத் தூக்கினான். நான் திரும்பி நடந்தேன். தேத்தண்ணி குடிக்கச் சொல்லவில்லை. தோட்டத்தில் ஒரு வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிக்காமல் இறங்கியது அன்று மட்டும்தான்.

இரண்டு நாள் கழித்து மகளிடமிருந்து எழுத்தில் ஒரு வரி வந்தது. “மாமா, நீங்க சொன்னதக் கேட்டேன். அப்பா பாடினத அனுப்புங்க.” மன்னித்தேன் என்றும் இல்லை, மன்னிக்கவில்லை என்றும் இல்லை. அவளுக்கு வேண்டியது அதுதான். பழைய மிக்ஸ்களில் அவன் குரல் இருந்தாலும், கதவுக்குப் பின்னால் நிற்கும் அந்தக் குரலை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதே வரியை அவள் தகப்பனுக்கும் அனுப்பியிருக்க வேண்டும். அன்று மாலையே அவன் போன் எடுத்தான். பழைய சத்தம் திரும்பியிருந்தது. நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

“பாடுறேன். ஆனா ஒங்க கம்பளிக் கூட்டுக்குள்ள வர மாட்டேன். எல்லாரும் என் வீட்டுக்கு வாங்க. ஒரே மைக்கு, நடுவுல. எல்லாரும் ஒண்ணாத்தான் பாடணும், ஒண்ணாத்தான் வாசிக்கணும். அப்பறமா வீட்டுக்குக் கொண்டுபோய் யாரும் யாரையும் எடுக்க ஏலாத மாதிரி.”

மற்ற இருவருக்கும் நான் செய்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. வயலின்காரர், “தெரியும் மாஸ்டர். நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்” என்றார். டோலக்காரர், “ஒங்கள வாங்கு மேல ஏத்தி நிக்க வைக்கணும் சேர், நீங்க எங்கள நிக்க வச்ச மாதிரி” என்றார். வாங்கு என்றால் வகுப்பறை பெஞ்சு. அவர் என்னிடம் படித்தவர் இல்லை. இருந்தாலும் எல்லா ஆசிரியர்களுக்குமாகச் சேர்த்துச் சொன்னார்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் அவன் வீட்டில் கூடினோம். வயலின்காரர் வேறு வழியில்லாமல் பதுளையிலிருந்து பஸ் ஏறி, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு வந்தார். கணினியையும் மைக்கையும் மேசையில் வைத்தேன். ஹெட்போனை மனைவியிடம் கொடுத்தேன். கொசு கேட்கும் காது அவளுக்குத்தான்.

ஒரே மைக் என்றால் கோடுகளைக் கூட்டவும் குறைக்கவும் முடியாது. ஆட்களைத்தான் நகர்த்த வேண்டும். அன்று முழுவதும் நாங்கள் செய்த மிக்ஸ் அதுதான். ஒரு தடவை பாடுவோம், எல்லாரும் சுற்றி நின்று கேட்போம், குறை சொல்வோம், இடம் மாறுவோம், மறுபடியும் பாடுவோம்.

“டோலக்கு இடிக்குது. அண்ணன் வாசலுக்குப் போங்க” என்றாள் மனைவி. அவர் வாசற்படியில் போய் உட்கார்ந்தார். “வயலின் இன்னும் கொஞ்சம் கிட்ட. தம்பி, நீ பின்னால போ.”

“போயிட்டேன்.”

“இன்னும் பின்னால.”

“இதுக்கு மேல போனா தேயிலைக்குள்ளதான்க்கா நிக்கணும்!”

என்னை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய பிரச்சினை. கிட்ட நின்றால் பாம்பு படமெடுத்தது. தள்ளி நின்றால் நான் இருப்பதே தெரியவில்லை. டோலக்காரர் சொன்னபடி ஒரு தடவை வாங்கின் மேலேயே ஏற்றினார்கள். நான் கைகட்டி நின்று “சின்னஞ்சிறு சிசுவே” என்று எடுத்ததும் மைத்துனனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு எல்லாருக்கும், எனக்கும். அந்தப் பதிவில் சிரிப்பைத் தவிர ஒன்றுமில்லை. அதை நான் அழிக்கவில்லை, வைத்திருக்கிறேன்.

கடைசியில் வயலின்காரர்தான் வழி சொன்னார். “மாஸ்டர் சுவத்தைப் பாத்துக்கிட்டுப் பாடட்டும். அந்தக் கடுகெல்லாம் சுவத்துல போய்த் தெறிக்கட்டும்.”

அப்படியே செய்தோம். மனைவி கையை உயர்த்தினாள், சரியாக இருக்கிறது என்று. அந்த நேரம் பார்த்து மழை வந்தது. தகரக் கூரையில் மழை விழுந்தால் பேசவே முடியாது. மழைக்கு ஒதுங்கிய லயத்துக்காரர்கள் வாசலில் நின்றார்கள். பிளேன்டீ வந்தது, பயற்றம் பணியாரம் வந்தது. மழை விட்டதும் நின்றவர்கள் யாரும் போகவில்லை. பேசாமல் நிற்பதாகச் சத்தியம் செய்தார்கள்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு பல்லவியைப் பாடினேன். இரண்டாம் சரணம் வந்தது. எனக்கு அங்கே வேலை இல்லை. முதுகுக்குப் பின்னால் அவன் குரல் எழுந்தது. அவன் முகம் தெரியவில்லை, சுண்ணாம்பு அடித்த சுவர் மட்டும்தான். அந்தக் குரலை நான் கணினியில் நூறு தடவை அளந்திருக்கிறேன், கூட்டிக் குறைத்திருக்கிறேன். அப்போதெல்லாம் எவ்வளவு சத்தம் என்றுதான் பார்த்தேன். அன்று சும்மா கேட்டேன். நன்றாக இருந்தது. என்னைவிட நன்றாக இருந்தது. அப்படி நினைத்தபோது எதுவும் புளிக்கவில்லை. கடைசிப் பல்லவியில் லயத்துக்காரர்களும் சத்தியத்தை மறந்து சேர்ந்துகொண்டார்கள். கீழே வளைவில் ஒரு பஸ் ஹோன் அடித்தது. அதுவும் பதிந்துவிட்டது. எடுக்க முடியாது. ஒரே மைக்.

நான் கைவைக்கும் முன்பே மைத்துனன் பாட்டைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டான். “நானே அனுப்புறேன்” என்றான். மற்றவர்களுக்கு வேண்டுமானால் நான் அனுப்பலாம், மகளுக்கு அவன். சரி என்றேன். கிறிஸ்மஸ் பாட்டு இப்போது போகிறதே என்று யாரோ சிரித்தபோது, “அவளுக்கு அங்க எல்லா மாசமும் ஒண்ணுதான்” என்றான்.

அடுத்த வாரம் அவன் பிரஷர் கிளினிக்குக்காகப் பதுளை மருத்துவமனைக்கு வந்தான். முன்பென்றால் முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவான். அன்று வருவானா என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. மனைவி எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பிடி அரிசி கூடப் போட்டிருந்தாள். மதியம் வந்தான்.

“புள்ளை என்ன சொன்னா?” என்று அவன் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள்.

“அனுப்பியிருக்கா. நீளமா.”

போனை எடுத்தான். வழக்கமாக எதையும் தெருவுக்குக் கேட்கும்படி போடுகிறவன், அன்று சத்தத்தைக் குறைத்து, அக்காவின் காதோடு வைத்தான். நான் கிட்டப் போனேன். என் பக்கம் திரும்பினான்.

“இது ஒங்களுக்கில்ல மச்சான்.”

கோபமாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னான். மனைவி கேட்டுக்கொண்டே சிரித்தாள், கேட்டுக்கொண்டே முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். நான் அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். அந்தப் பிள்ளை என்ன சொன்னாள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. மனைவியும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு அவளிடமிருந்து வேறு எதுவும் வரவில்லை. ஈஸ்டருக்கு வாழ்த்து அனுப்பினேன். அத்தைக்கும் மாமாவுக்கும் என்று பதில் வந்தது.

அன்று தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தேன். மைத்துனன் ஒரு வாய் குடித்தான்.

“சீனி பத்தாது” என்றான், தெருக்கோடி வரை கேட்கும்படி.

நான் எழுந்து சீனிப் போத்தலை எடுத்துவந்தேன்.